பதினைந்தாம் அத்தியாயம்

காலைச் சங்கு ஊதியதும் நிலவின் தென்துருவப் பனிச்சுரங்க வாசலில் ஆட்கள் வரிசையாக நின்று கழுத்தைக் குனிந்து காட்டினார்கள். ஒவ்வொருவர் பிடரியிலும் தோலுக்கடியில் கடலைப்பருப்பு அளவில் ஒரு மனமானி உண்டு. தூக்கம், பயம், துக்கம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நூற்றுக்கு இத்தனை என்று அது சொல்லும். அறுபதைத் தொட்டால் கதவு திறக்கும். கலங்கிய மனசோடு ஒருத்தன் உள்ளே போனால் சுரங்கத்துக்குச் சேதம் என்று கம்பெனி கண்டுபிடித்திருந்தது.

காசிலிங்கம் குனிந்தான். நாற்பத்தொன்று. பதினோராவது நாளாகக் கதவு அசையவில்லை.

"ஓரமா நில்லுலே, பின்னால ஆளு நிக்கி" என்றாள் மேஸ்திரி மூக்கம்மா. போகிற போக்கில் அவன் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் அவன் கூட்டத்து ஆட்கள் ஐந்து பேரும் போனார்கள். எல்லாம் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்துச் சனம். வெள்ளை வெளிச்சத்தில் கண் கூசாமல் வேலை செய்வார்கள் என்று கம்பெனி தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தது. வந்தபோது எட்டுப் பேர். எட்டாவது ஆள் தவசி, நாலாம் குடைவில் இடிந்து விழுந்த பனிக்கடியில் கிடந்தான்.

தவசியை எடுக்க அந்தக் குடைவைத் திரும்பத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவனிடம் போய்ச் சேர இன்னும் ஒரு மாதமாவது ஆகும். காசிலிங்கத்துக்கு அத்தனை நாள் இல்லை. முப்பது நாளில் அறுபது வராதவனைப் பூமிக்குப் போகும் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். தவசியைத் தூக்கும்போது ஒரு முனையில் தன் கை இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

புறநோயாளி மனநலக் கூடத்தில் ஆளுக்கு எட்டு நிமிடம். அங்கே இருந்தது ஆற்றுநர் என்ற எந்திரம். நல்ல குரல், கோபமே வராது.

"தூக்கம் வருகிறதா, காசிலிங்கம்?"

"வருது. அதான் பெரச்சினையே."

"விளக்கமாகச் சொல்லுங்கள். உங்களுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது."

ஐந்து நிமிடத்தில் எதைச் சொல்ல? நேரம் முடிந்ததும் ஆற்றுநர் வாசிப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தது. 'வலியை வழியனுப்புதல்', பதினான்கு அத்தியாயங்கள், தினம் இரண்டு, சாப்பாட்டுக்குப் பின். புத்தகம் மெல்லிய ஒளித்தகடாக வந்தது. எத்தனை பக்கம் முடிந்தது என்று அதுவே கணக்கு அனுப்பிவிடும்.

சாயங்காலம் கேன்டீனில் அவன் முதல் பக்கத்தையே மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தபோது மூக்கம்மா தகட்டைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"எத்தன அத்தியாயம்?"

"பதினாலு."

"நாம ஏழு பேரு. ஆளுக்கு ரெண்டு. முடிஞ்சுது."

அந்தக் கூட்டத்துக்கு அது ஒரு பழக்கம். நிலவில் எடை குறைவுதான். ஆனால் ஓடத் தொடங்கிய பனிக்கட்டியை ஒருத்தனால் நிறுத்த முடியாது, நசுக்கிவிடும். அதனால் யார் பங்குக் கட்டியானாலும் கேட்காமலே எல்லோரும் கை போடுவார்கள். புத்தகமும் பாரம்தான் என்று அவர்கள் நினைத்தார்கள். மருந்தைப் பங்கு போட்டுக் குடித்தால் நோயாளிக்கு எப்படிக் குணமாகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

தகடு கை மாறிக் கை மாறிப் போனது. படித்தவர் படித்ததைச் சாப்பாட்டு மேசையில் ஒப்பிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

"என் பங்குல ஒருத்தன் கடக்கரையில நடக்கான்" என்றான் பிலவேந்திரன். கூட்டத்திலேயே இளையவன், அரட்டைக்காரன்.

"நடந்து?"

"நடந்துக்கிட்டே இருக்கான். அல பேசுதாம், இவன் கேக்கானாம்."

"வேல வெட்டி இல்லாதவன் போல" என்றார் சைனுதீன் அண்ணன். "அவனுக்கு என்ன கொறச்சல்?"

"அத உங்க பங்குல போட்டிருக்கும். படிச்சீரா இல்லையா?"

சிரிப்பு எழுந்தது. காசிலிங்கத்தின் உதடும் கொஞ்சம் அசைந்தது.

வாசிப்பு தொடங்கி ஐந்தாம் நாள் அவன் முறை. அவன் பங்கில் ஒரு பயிற்சி இருந்தது: உங்களை அழுத்துவதைக் கடிதமாக எழுதுங்கள். "எனக்கு எழுத வராது" என்றான். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "கொடவு இடிஞ்ச அன்னைக்கு எனக்கு வயித்துவலி இல்ல. படுத்துக் கெடந்தேன். தூக்கம் சொகமா இருந்துச்சு. வயித்துவலின்னு சொன்னேன், தவசி என் மொறைக்குப் போனான்."

சைனுதீன் தன் டீயை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மூக்கம்மா சொன்னாள்: "நீ ஒறங்குன. பனி விழுந்துச்சு. ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டது நீதான். கையி வலிக்குதுல்லா, அவுத்து விடு." அப்புறம், "பொய் சொன்னது தப்புதான். அத அவன வெளிய எடுத்தபொறவு அவங்கிட்ட சொல்லு" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் தவசியைப் பற்றித்தான் பேச்சு. அவன் கடன் வாங்கின சட்டை, அவன் குறட்டை, பாடத் தெரியாமல் பாடினது. கதவு மறுக்கத் தொடங்கி இருபத்தாறாம் நாள் காலை காசிலிங்கம் குனிந்தான். அறுபத்து நான்கு. கதவு திறந்தது.

ஆற்றுநர் கடைசி அமர்வில் கேட்டது: "முழுப் புத்தகத்தையும் முடித்திருக்கிறீர்கள். எந்த வரி உங்களை மாற்றியது?"

அவன் மூக்கம்மா சொன்னதைச் சொன்னான். எந்திரம் ஒரு நொடி தேடியது. "அப்படி ஒரு வரி நூலில் இல்லை."

இன்னொரு பொய்யை அவனால் தூக்க முடியாது. கப்பலில் ஏற்றினாலும் ஏற்றட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னான்: பங்கு போட்டது, மேசை, பேச்சு, டீ. அன்றைக்கு வேறு நோயாளி இல்லாததால் எட்டு நிமிடம் இருபதாயிற்று.

"மிகவும் பயனுள்ள தகவல்" என்றது ஆற்றுநர். "உங்கள் மதிப்பெண் செல்லும்."

நாற்பத்திரண்டாம் நாள் தவசியிடம் போய்ச் சேர்ந்தார்கள். பனி அவனை அப்படியே வைத்திருந்தது. தலைமாட்டில் காசிலிங்கம் பிடித்தான். சொல்ல வேண்டியதை மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் தூக்கினான். கால்மாட்டில் பிலவேந்திரன். தூக்கி முடித்தபிறகும் பிலவேந்திரன் பிடியை விடவில்லை.

சாயங்காலம் கேன்டீனுக்கு வந்தபோது நீண்ட மேசை இல்லை. ஆளுக்கு ஒன்றாகத் தடுப்பு வைத்த சின்ன மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஒளித்தகடு. 'வலியை வழியனுப்புதல்', திருத்திய பதிப்பு, சுரங்கத்தின் நாலாயிரம் பேருக்கும் கட்டாயம். பதினைந்தாம் அத்தியாயம் புதிதாகச் சேர்த்தது. உப்பளத்து ஆட்கள் ஏழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற கதை. நன்றாகவே எழுதியிருந்தது. டீயை நகர்த்தினது கூட இருந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பிலவேந்திரனின் தட்டு தடதடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. காசிலிங்கம் எட்டிப் பார்த்து, "ஏலே, என்னலே?" என்றான்.

தகட்டிலிருந்து நல்ல குரல் வந்தது. "வாசிப்பு நேரத்தில் பேச வேண்டாம். பேசினால் மதிப்பெண் குறையும். பக்கம் மூன்றுக்குச் செல்லுங்கள்."

எத்தனை குறையும் என்று அது சொல்லவில்லை. காசிலிங்கம் பிடரியைத் தடவிப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினான். 'அருகில் இருப்பவரிடம், என்ன என்று கேளுங்கள்' என்று அது தொடங்கியது.

மறுநாள் வாசலில் பிலவேந்திரனுக்கு நாற்பத்தொன்று. அவனுக்கும் அதே புத்தகத்தை எழுதிக் கொடுத்தார்கள். இந்த முறை சீட்டில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: தனியாக இருந்து படிக்கவும்.