கடைசி எண்ணூறு மீட்டர்

"இன்னிக்கு நடவு! எட்டரைக்கு நல்ல நேரம். மூத்த மருமக முதல் நாத்து வைக்காம எவ வயல்ல இறங்குவா...? நீங்க பாட்டுக்குப் பையை மாட்டிக்கிட்டு நிக்கிறீங்களே அக்கா!"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஓரகத்தி நீலாம்பாள் அதைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரகதாம்பாள் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஒரு காலத்தில் ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று ஒன்று விடாமல் போட்டியிட்டவள். இப்போது குடவாசல் பள்ளி மைதானத்தில் கோச். நீலாம்பாளின் மகள் பூமிகா தஞ்சாவூரில் ஹெப்டத்லான் ஆடுகிறாள். ஏழு போட்டியில் நேற்று நாலு முடித்து முதலிடத்தோடு ராத்திரி வீடு வந்தாள். இன்று மிச்சம் மூன்று. இருவருக்கும் ஆறே காலுக்கு பஸ்.

"சாயங்காலம் வந்துடுவேன் நீலா. புள்ளை தனியா என்ன பண்ணும்?"

"நீங்க கூடப் போயி என்னத்தக் கிழிக்கப் போறீங்க? கடைசி ஓட்டத்துக்குப் பயந்து பாதியில ஓடி வந்தவங்கதானே...! என் மகளுக்கும் அதைத்தானே சொல்லிக் குடுப்பீங்க? பூமி, ஷூவைக் கழட்டு. நீயும் போக வேணாம்!"

பூமிகா விசும்பினாள். பிரகதாம்பாளுக்குக் கண் கலங்கியது. இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டும் திறக்காத வாய். மகராசிக்கு அப்படி என்ன பொறுமையோ!

வாசலில் மண்வெட்டியோடு நின்ற அவள் கணவர் பஞ்சநதத்துக்கு மட்டும் உண்மை தெரியும். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"அவ பயந்து வரலம்மா. ஆறு போட்டி முடிஞ்சு முதல்ல நின்னா. எண்ணூறு மீட்டர் ஒண்ணுதான் பாக்கி. அன்னிக்கும் இங்க நடவு. ஆளுங்க காலையிலேர்ந்து வரப்புல உக்காந்திருந்தாங்க... மூத்த மருமக வராம ஒருத்தியும் இறங்கக் கூடாதுன்னு எங்கம்மா பிடிவாதம். நான்தான் பைக்குல போயி இழுத்துட்டு வந்தேன். தோத்துடுவோம்னு வந்துட்டான்னு ஊர்ல சொன்னதும் நான்தான்... ஜெயிக்கிறவளை இழுத்துட்டு வந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நீலாம்பாள் ஓடிவந்து பிரகதாம்பாளைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா...! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எத்தனை நாள் குத்திக் காட்டியிருக்கேன்!"

"சொன்னா எல்லாரும் இவரைத்தானே ஏசுவீங்க..."

"ஏசட்டும்," என்றார் பஞ்சநதம். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க. முதல் நாத்தை நான் வைக்கிறேன்."

"ஆம்பளை நாத்து நடுறதா! பொம்பளைங்க சிரிப்பாங்களே மாமா?" என்றாள் நீலாம்பாள்.

"சிரிச்சிட்டுப் போகட்டும்."

தஞ்சாவூர் மைதானத்தில் பூமிகா எண்ணூறு மீட்டருக்குக் கோட்டில் வந்து நின்றபோது பிரகதாம்பாளின் போன் அடித்தது. பஞ்சநதம்தான். பின்னால் பெண்களின் சிரிப்புச் சத்தம்.

"காலையில நட்டது கோணலா இருக்குன்னு இன்னும் சிரிக்கிறாளுங்க. நீ அவசரப்படாதே பிரகதா... கடைசி ஓட்டம் வரைக்கும் இருந்துட்டு வா."

பிரகதாம்பாள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். பூமிகா திகைத்துத் திரும்பினாள்.

"என்னை ஏன்டி பாக்குற? முன்னால பாரு!" என்று அதட்டினாள் பெரியம்மா.