ஆள் உருவத்தில் ஓர் ஓட்டை

காலை 8.40. பாடகரைக் காணவில்லை.

மற்ற மூன்று பேரும் பேனரில் இருந்தார்கள். பன்னிரண்டு அடித் துணி பேனர். ராக் இசைக்குழுவின் நால்வரும் கையெழுத்துப் போட்டது. ரசிகர் மன்றத்தின் ஒரே பெருமை. இப்போது அதன் நடுவில் ஆள் உருவத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியே அரங்கின் பின்சுவரும் ஈரக்கறையும் தெரிந்தன.

முதலில் பார்த்தவள் அரங்கைப் பெருக்கும் பெண். அவள் கிதார் கட்சி. குழுவில் கிதார் வாசிப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்காத கட்சி. அவளுடைய அக்காதான் பாடகர் கட்சிக்குத் தலைவி. நான்கு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை, ஒரே அறையில் படுத்துக்கொண்டே.

இருவரும் பட்டதாரிகள். அந்த வீட்டில் அவர்களுக்கு முன்னால் யாரும் பள்ளியை முடித்ததில்லை. பட்டம் வாங்கித் தந்தது என்னவென்றால், அக்காவுக்குக் கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை, தங்கைக்குத் துடைப்பம். கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு கலைஞனைப் பிடித்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி கடித்தார்கள்.

9.15. வாசலில் பாடகர் கட்சியினர் அறுபது பேர். அடிதடி ஆகிவிடும் என்று அரங்க உரிமையாளர் போலீசைக் கூப்பிட்டார். வந்த இன்ஸ்பெக்டர் நாற்பது வயதுப் பெண். பாட்டு கேட்கும் பழக்கம் இல்லாதவர்.

அரங்கின் சாவி மன்றத்தில் மூன்று பேரிடம் இருந்தது: அக்கா, தங்கை, மன்றச் செயலாளர். முந்தைய நாள்தான் தங்கை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில், பேனரிலிருந்து பாடகரை வெட்டி எடுத்தால் படம் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று எழுதியிருந்தாள். பன்னிரண்டு மணிக்குள் வேறு ஆள் அகப்படாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை என்றார் உரிமையாளர்.

10.05. தங்கை.

"நீ வெட்டினியா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அப்படி எழுதின?"

"கோவம்."

"இப்ப?"

"இப்ப ஒண்ணுமே இல்ல மேடம். மரத்துப்போச்சு. இந்த வேலையும் போச்சுன்னா அம்மா எதுவும் கேக்க மாட்டாங்க. அதத்தான் தாங்க முடியாது."

10.30. அக்கா உட்காரவே இல்லை. கச்சேரியில் யார் எங்கே நிற்பார்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, அது எழுதாத சட்டம் என்றாள். அவரவர் ஆளுக்கு நேரே அவரவர் கூட்டம். பாடகர் கட்சி நடுவில். கிதார் கட்சி வலது பக்கம். டிரம்ஸ்காரர் பின்னால் இருப்பதால் அவருடைய ஆட்கள் மாடியில்.

"இடது பக்கம்?"

"அங்க நாலாவது ஆளு, பேஸ் கிதார்காரர் நிப்பாரு. அவருக்கு ஏது கூட்டம்? ஸ்பீக்கர்தான் அவருக்கு ரசிகர்."

10.50. செயலாளர். மருந்துக் கடை ஊழியர், ஐம்பது வயது, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். தனக்கு நால்வரும் ஒன்றுதான் என்றார். பதினோரு வருடமாக வாசலில் டிக்கெட் கிழிப்பதே தன் வேலை, ஒரு கச்சேரியிலும் மேடைப் பக்கம் போனதில்லை என்றார். அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். செயலாளர் நாற்காலியைத் திருப்பி வலது காதைக் கொடுத்தார். வயசாச்சு மேடம் என்று சிரித்தார். இடது காதுக்கு மட்டும் வயதாகியிருந்தது.

11.20. இன்ஸ்பெக்டர் ஏணியில் ஏறி ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். கால் மணி நேரம் இறங்கவில்லை.

11.40. மூவரையும் பேனருக்கு முன்னால் நிறுத்தினார்.

"பாடகரோட கை, கிதார்காரர் தோள்மேல இருந்திருக்கு. அந்தக் கையோட கிதார்காரர் தோளும் போயிருக்கு. பின்னாடி டிரம்ஸ்காரருக்குப் பாதி முகம் இல்ல." தங்கையைக் காட்டினார். "இவ வெட்டியிருந்தா தன் ஆளோட சட்டையில ஒரு நூலக்கூட தொட்டிருக்க மாட்டா. அக்காக்காரி பாடகர் மேல கத்தியே வெக்க மாட்டா."

ஏணியில் ஏறி, எஞ்சியிருந்த ஒரு துணி நாக்கைத் தொட்டார். பேஸ் கிதாரின் கழுத்து. பாடகரின் மார்புக்குக் குறுக்கே நீண்டிருந்தது. கத்தி அதைச் சுற்றி வளைந்து போயிருந்தது. தந்தி முறுக்கும் நான்கு திருகாணிகளும் ஒன்றுகூடச் சேதமில்லாமல் இருந்தன.

"இதுக்கு மட்டும் அரை மணி நேரம் செலவாயிருக்கும்." செயலாளரிடம் திரும்பினார். "வாசல்ல டிக்கெட் கிழிச்சா ஒரு காது மட்டும் போகாது. இடது ஓரத்துல, ஸ்பீக்கரை ஒட்டி எத்தன வருஷம் நின்னீங்க?"

செயலாளர் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

"பதினோரு வருஷமும்."

"பாடகர் எங்க?"

"வீட்டுல மடிச்சு வெச்சிருக்கேன். கிழிக்கல."

"இந்தப் பொண்ணுக்கு வேலை போயிருக்கும்."

"தெரியும்." அவர் தங்கையைப் பார்க்கவில்லை. "பேஸ் கிதார்காரர குழுவ விட்டு அனுப்பி மூணு வாரம் ஆச்சு. அனுப்பினது பாடகர்தான்னு சொல்றாங்க. அறிவிப்ப நான்தான் வாட்ஸ்அப்ல போட்டேன். ஒரு ஆள் திட்டக்கூட இல்ல மேடம்."

11.55. தங்கை வேலையில் இருக்கலாம் என்று உரிமையாளர் வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போனார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. செயலாளர் ஜீப்பில் ஏறினார்.

அக்கா போனை எடுத்து மூன்று வாரம் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். அறிவிப்பு இருந்தது. இரண்டு வரி. முந்நூறு பேர் பார்த்திருந்தார்கள். அதற்கு அடுத்த செய்தி அவளுடையது: பாடகரின் புது முடிவெட்டு அள்ளுது. அதற்கும் அடுத்தது தங்கையுடையது: மொட்டை அடிச்சாலும் அவருக்குப் பாட்டு வராது.

போனைத் தங்கையிடம் நீட்டினாள். தங்கை படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"பேஸ்காரர் போனத நீயும் பாக்கலியா?" என்றாள் அக்கா. நான்கு மாதத்தில் முதல் பேச்சு.

தங்கை துடைப்பத்தை எடுத்தாள். பேனருக்கு அடியில், இடது ஓரத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தாள்.