காலி அறை

அம்மாவின் அறையில் இரண்டு பேர் இருப்பதாகத் திரை காட்டியது.

தங்கையாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். பகல் மூன்று மணி, அலுவலகத்தில் ஏசி இரைச்சல், யாரோ சூடாக்கிய சாப்பாட்டின் வாசனை. அப்போது தங்கையே போன் செய்தாள்.

"அக்கா, தெருமுனை மருந்துக் கடையில நிக்கிறேன். அம்மாவுக்கு எந்த மாத்திரை தீந்துபோச்சுன்னு சொன்ன?"

அவள் திரையை மறுபடி பார்த்தாள். இரண்டு பேர்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கேமரா வழியே கவனித்து, ஏதாவது ஆனால் வீட்டாருக்குச் சொல்லும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. எல்லா வீட்டு வீடியோவையும் நொடிக்கு நொடி அலசும் கிளவுட் சர்வர்களின் வாடகையைப் பாதியாகக் குறைத்தவள் அவள்தான். அவள் வகுத்த விதி இதுதான்: திரைச்சீலை ஆடும் அளவுக்குள் அசைவு இருந்தால் நிமிடத்துக்கு ஒரே ஒரு படம் போதும். தொடர்ந்து மூன்று படங்களில் போர்வை மூச்சுக்கு ஏறி இறங்கும் அசைவுகூட இல்லையென்றால் அது காலி அறை, சர்வரை நிறுத்திவிடலாம். "கில்லாடிம்மா நீ!" என்றார் மேனேஜர். முதலில் சோதித்துப் பார்த்தது அம்மாவின் அறையில்தான்.

"சீக்கிரம் வீட்டுக்குப் போ. அம்மா ரூம்ல யாருன்னு பாரு."

பழைய படங்களைத் திறந்தாள். அலமாரிக்குப் பக்கத்தில், தொங்கும் துணி மாதிரி, உயரமாக ஏதோ ஒன்று. அடுத்த படத்தில் அது சற்று முன்னால். அதற்கடுத்ததில் இன்னும் சற்று. ஒவ்வொரு முறையும் திரைச்சீலை ஆடும் அளவைவிட ஓர் இம்மி குறைவு. அந்த அளவு அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

காலையிலிருந்து வந்துகொண்டே இருந்திருக்கிறது. இப்போது கட்டிலருகே.

முழு வீடியோவுக்கு மாற்றினாள். 'சர்வர் தயாராகிறது. ஐந்து நிமிடம் காத்திருக்கவும்.' விலை மலிவு என்று அவளே தேர்ந்தெடுத்த சர்வர். பயத்தில் அழுகை வந்தது. தங்கையை அழைத்தாள்.

"உள்ள போகாதடி!"

"உள்ளதான்க்கா இருக்கேன். அம்மா தூங்குறாங்க. இங்க யாருமே இல்லையே."

"வெளிய வா. உடனே வா."

"ஏன்க்கா இப்படிக் கத்து..."

அவ்வளவுதான். குரல் பாதியில் நின்றது, அழைப்பு மட்டும் துண்டாகவில்லை.

புதிய படம் வந்தது. ஆட்கள்: மூன்று. தங்கை காதில் போனோடு, வாய் பாதி திறந்தபடி. அம்மாவின் கண்கள் விரிந்திருந்தன. இருவருக்கும் நடுவில் அது. கேமராவைப் பார்த்துக்கொண்டு.

"பாப்பா... பேசுடி."

அடுத்த படம். அதே வாய். அதே கண்கள். போர்வையில் அதே மடிப்பு.

மூன்றாவது படம். அதே.

'காலி அறை. செலவைக் குறைக்க சர்வர் நிறுத்தப்பட்டது.'

கடைசிப் படம் திரையில் அப்படியே நின்றது. மூன்று பேரில் ஒருவருக்கும் மூச்சில்லை.

அவள் காதில் வைத்திருந்த போனில் மட்டும் யாரோ நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.