தைக்காத ரிப்பன்

கோரிப்பாளையம் சிக்னலில் பஸ்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்த காலை நேரத்தில், பதிப்பாளர் முத்துக்குமரன் மாடிப்படி ஏறி வந்து துப்பறிவாளர் பீமாராவின் எதிரே உட்கார்ந்தார். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"சார், என் எழுத்தாளரை அவங்க புத்தக வெளியீட்டு விழாவுலயே ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. யாரோ காசு கொடுத்துச் செஞ்ச வேலை. அது யாருன்னு நீங்க கண்டுபிடிக்கணும்."

பீமாராவ் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யான விபத்துகளை ஆராய்ந்து பழகிய மனிதர். எதற்கும் அவசரப்பட மாட்டார். அவருக்கும் சேர்த்து அவசரப்படுவது கூட்டாளி அழகுராஜாதான். அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், துப்பறியும் ஆசையில் ஆட்டோவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அதில் அவர் மனைவிக்கு இன்னும் சம்மதமில்லை.

"காசு கொடுத்தவன் போட்டிப் பதிப்பகத்துக்காரன்தான். வேற யாரு?" என்றார் அழகுராஜா, கதை தெரிவதற்கு முன்பே.

"முதல்ல நடந்ததைக் கேப்போம்," என்றார் பீமாராவ்.

எழுத்தாளரின் பெயர் பிருந்தா. வங்கி அதிகாரி. மதுரைப் பெண் ஒருத்தி வெளிநாடு போய், கால்விரல் நுனியில் நின்று ஆடும் பாலே நடனக்காரி ஆவதைச் சொல்லும் 'நுனிக்கால்' அவருடைய முதல் நாவல்.

"வெறும் கதையில்ல சார். அவங்க சொந்த அனுபவம். வெளிநாட்டுல பாலே கத்துக்கிட்டவங்க. விழா மேடையில ஷூ போட்டு ஆடுவாங்கன்னு மாட்டுத்தாவணி வரைக்கும் போஸ்டர் ஒட்டினேன். ஜனங்க குவிஞ்சுட்டாங்க. ஒப்பனை அறைக்குப் போன பிருந்தா திரும்பி வரவே இல்ல. ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா, வெளிய பூட்டு தொங்குது! அவங்க போனும் என் கையில. நேரலை ஓட்டுறதுக்காக வாங்கினது, இன்னும் என்கிட்டதான் இருக்கு."

பூட்டியவர் மண்டபக் காவலாளி பேச்சிமுத்து. உள்ளே ஆள் இல்லை என்று நினைத்துப் பூட்டிவிட்டதாகச் சொல்கிறார். முத்துக்குமரன் அதை நம்பவில்லை. யார் காசு கொடுத்தது என்று நாளை சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் போலீசில் ஒப்படைக்கப் போவதாக மிரட்டியிருந்தார்.

சாவிக்குக் காத்திராமல் பூட்டை உடைத்தபோது எடுத்த வீடியோவைக் காட்டினார். அறை வாசலில் சுவரோரம் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. கதவு திறக்கிறது. பட்டுப்புடவையில் பிருந்தா, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறார். மணிக்கட்டிலிருந்து மேலே நெருக்கமாக அடுக்கிய சிவப்புக் கண்ணாடி வளையல்கள். பின்னால் மேஜையில் திறந்த பெட்டி, அதில் இளஞ்சிவப்பு பாலே ஷூ, பக்கத்தில் சுருட்டி வைத்த ரிப்பன்.

"ஊரே பார்த்துருச்சு சார். புக்கு பிச்சுக்கிட்டுப் போகுது," என்றார் முத்துக்குமரன். வருத்தப்பட வந்தவருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் மண்டபத்துக்குப் போகும் வழியில் அழகுராஜாவின் கண்கள் சிவந்திருந்தன. நாவலைப் படித்து முடித்திருந்தார்.

"அந்தப் புள்ள எம்புட்டுப் பாடுபடுது தெரியுமாண்ணே! ஷூவுக்கு ரிப்பன்கூட கடையில தச்சுத் தர மாட்டாங்களாம். ஆடுறவதான் தன் காலுக்குத் தக்கன தச்சுக்கிடணும். விரல்ல ஊசி ஏறுற எடத்துல எனக்குக் கண்ணீர் வந்துருச்சு."

பீமாராவ் நடையை நிறுத்தினார். "அந்தப் பக்கத்தை மடிச்சு வை மாப்ள."

அதே ஒப்பனை அறையில் எல்லோரும் கூடினார்கள். புழுக்கமான சின்ன அறை, ஜன்னல் கிடையாது. பிருந்தா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பேச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்றார்.

"பேச்சிமுத்து அண்ணே, ஆள் இல்லைன்னு பூட்டுனதாச் சொன்னீங்க. வாசல்ல செருப்பு கெடந்துச்சே, பார்க்கலையா?" என்று பீமாராவ் கேட்டார்.

பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"பார்த்தீங்களா! தெரிஞ்சேதான் பூட்டியிருக்கான்!" என்று குதித்தார் முத்துக்குமரன்.

"தெரிஞ்சேதான். மேடம், நீங்க கதவைத் தட்டுனீங்களா?"

"ஒரு மணி நேரம் தட்டினேன். கை வலிக்கிற வரைக்கும். மைக் சத்தத்துல யாருக்கும் கேட்கலை," என்றார் பிருந்தா.

"ரெண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோட தட்டியிருக்கீங்க. வீடியோவுல ஒரு வளையல்கூட உடையலை. தரையிலயும் ஒரு துண்டு இல்ல."

பீமாராவ் பதிப்பாளரிடம் திரும்பினார். "ஷூ வாங்கிக் கொடுத்தது நீங்கதானே? எப்ப கொடுத்தீங்க?"

"விழாவுக்குப் பத்து நாள் முன்னாடியே. பழகிக்கட்டும்னு."

அழகுராஜா மடித்து வைத்த பக்கத்தை எடுத்து ரிப்பன் தைக்கும் இடத்தை வாசித்தார். முடித்ததும் பீமாராவ் தொடர்ந்தார்.

"ரிப்பன் தைக்காம அந்த ஷூ காலுல நிக்காது. இதை இவ்வளவு விவரமா எழுதினவங்களுக்கு அது தெரியாமப் போகுமா? விழா அன்னிக்குக்கூட ரிப்பன் சுருளைப் பிரிக்கலை. ஆடப்போறதில்லைன்னு மேடம் முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க. யாரும் காசு கொடுக்கலை சார். உள்ள வச்சுப் பூட்டச் சொன்னதே அவங்கதான்."

"அம்மா, நான் ஒண்ணுமே சொல்லலம்மா," என்றார் பேச்சிமுத்து பதறிப்போய்.

பிருந்தா உடைந்து அழுதார்.

"எனக்கு ஆடவே தெரியாது. பாலேயை நான் போன்லதான் பார்த்திருக்கேன். முதல் பேட்டியில முத்துக்குமரன் சார் இது என் சொந்த அனுபவம்னு சொன்னப்ப நான் சிரிச்சுக்கிட்டு இருந்துட்டேன். அங்கேயே மாட்டிக்கிட்டேன். ஒவ்வொரு பேட்டிக்கும் பொய் பெருசாச்சு. அன்னிக்கு வேற வழி தெரியலை. பூட்டிருங்கண்ணேன்னு பேச்சிமுத்து அண்ணன்கிட்ட அழுதேன். அதோட முடிஞ்சுரும்னு நெனச்சா, அதையே சார் விளம்பரமாக்கி, அடுத்த வாரம் சென்னையில டிவியில ஆடணும்னுட்டார். அண்ணனைப் போலீஸ்ல கொடுக்கப்போறாங்கன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்கலை. சொன்னா புத்தகம் செத்துப்போயிரும்னு பயந்துட்டேன்."

முத்துக்குமரன் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. டிவிக்குக் காலை மட்டும் காட்டலாம், வேற யாரையாவது ஆட வச்சுக்கலாம். போலீஸ்ல சொல்லாம இருக்கணும்னா பேச்சிமுத்து சாகுற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. இந்தப் பேச்சு ரூமைத் தாண்டக் கூடாது. அழகுராஜா, அந்தக் கதவைச் சாத்துங்க."

அழகுராஜாவின் கை கதவு வரை போனது.

"நீங்க முழுசாப் படிச்சீங்களா?" என்று பிருந்தா அவரைக் கேட்டார். இத்தனை நாளில் தன் நாவலைப் பற்றி பிருந்தா ஒருவரிடம் கேட்க முடிந்த முதல் கேள்வி அதுதான்.

"ஒரு வரி விடலை மேடம்."

"எல்லாம் நான் கற்பனை பண்ணினதுன்னு இப்பத் தெரிஞ்சுருச்சே."

அழகுராஜா கொஞ்சம் யோசித்தார். "தெரிஞ்சா என்ன மேடம்? நான் அழுதது அழுததுதானே."

பிருந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முத்துக்குமரன் முன்னால் போய்க் கையை நீட்டினார். வளையல்கள் குலுங்கின.

"என் போனைக் கொடுங்க."

கொடுக்காமல் இருக்க முத்துக்குமரன் ஒரு காரணம் தேடினார். பீமாராவ் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் கிடைக்கவில்லை.

பிருந்தா நேரலையை ஆரம்பித்தார். பார்க்க ஆட்கள் சேரத் தொடங்கினார்கள்.

"பேச்சிமுத்து அண்ணே, கதவை நல்லாத் திறந்து வைங்க," என்றார். பிறகு போனை முகத்துக்கு நேராகப் பிடித்தார். "வணக்கம். நான் பிருந்தா. எனக்கு பாலே ஆடத் தெரியாது. 'நுனிக்கால்' நான் எழுதின கதை."