கொழுகொம்பு

மாலை நாலே முக்காலுக்கு அறையில் பச்சைத் தண்டை ஒடித்த வாசனை வந்தது.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பழைய தாளும் பூச்சி மருந்தும் தவிர வேறெதுவும் மணக்காத அறை அது. தாவரத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து அங்கே வளர்த்த செடிகளுக்கெல்லாம் அவ்வப்போது அச்சிட்ட பட்டியல்கள் அலமாரி நிறைய இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. காலையிலிருந்து கொடிகள். பெயர், வந்த இடம், நட்ட பாத்தி, கடைசியாக அது ஏறிய கொழுகொம்பு: மதில், இரும்புக் கம்பி, பட்டுப்போன மரம்.

ஒரு கொடிக்கு மட்டும் கடைசிக் கட்டம் காலி. அடுத்தடுத்த பட்டியல்களிலும் காலி. அதற்குப் பிறகு வந்தவற்றில் அந்தக் கொடியே இல்லை.

கணினிக்குக் காலி ஆகாது. எதையாவது அடித்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று, எங்கே எதைக் கேட்டாலும் கைக்கு முதலில் வருகிற சொல்லை அடித்தாள். சிட்டு. மகளின் செல்லப்பெயர். அடித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். மறந்தும் போனாள்.

கண்ணாடிக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் தோட்டக்காரர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"அக்கா, கிழக்கு மூலைப் பாத்தியில யாராவது எதையாவது நட்டாங்களா?"

"என்னைக் கேட்டா? நான் காகிதத்துல நடறவ."

அவர் சிரிக்கவில்லை.

"நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து அங்க புல்லுகூட முளைச்சதில்ல. மத்தியானம் பாத்தா முழங்கால் உயரம் நிக்குது. இப்ப கூரை இடுக்கு வழியா வெளிய போயிடுச்சு. பக்கத்துலயே கம்பி இருக்கு, தூண் இருக்கு. எதையும் தொடல. யாரையோ தேடிப் போற மாதிரி போவுது."

அவள் திரையில் காலையில் ஏற்றிய பக்கங்களுக்குத் திரும்பினாள். சிட்டு என்ற சொல்லுக்கு முந்திய கட்டத்தில் கிழக்கு மூலை என்றிருந்தது.

"ஒரு கொடிக்குக் கொழுகொம்பே எழுதாம விட்டிருந்தா என்ன அர்த்தம்?"

"வளர வேணாம்னு அர்த்தம். பிடிக்க எதுவும் குடுக்கலன்னா தரையிலயே சுருண்டு அழுகிடும். குடுத்துட்டா அவ்வளவுதான். ஒரு சுத்து சுத்திடுச்சுன்னா வெட்டினாலும் விடாது."

அந்தச் சொல்லை அழித்தாள். கட்டம் சிவந்தது. மதில் என்று அடித்தாள். ஏற்றுக்கொண்டது. அப்போதுதான் மூச்சு வந்தது.

வீட்டுக்கு ஃபோன் போட்டாள். பள்ளி விட்டு வந்து, கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, முதல் மணியிலேயே எடுத்து "உயிரோடதான்மா இருக்கேன்" என்று சலித்துக்கொள்கிற பெண். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வாகன இரைச்சலுக்கும் புகைக்கும் நடுவில், கடைகளின் வெளிச்சத்தைத் தாண்டி, முனை திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் அவளுக்கு ஒரு எட்டு முன்னால், வழி தெரிந்த ஆளைப் போல அந்த வாசனை போய்க்கொண்டிருந்தது. விளக்குக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். ஒன்றிலும் எதுவும் சுற்றியிருக்கவில்லை.

மாடிப்படி. கைப்பிடியில் ஒன்றுமில்லை. சுவரில் ஒன்றுமில்லை.

படிகளில் அந்த வாசனை மட்டும்.

சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. பிறகு நுழைந்தது.

கூடத்தின் நடுவில் சிட்டு நின்றாள். சீருடையில். முதுகைக் காட்டி. கால்கள் சேர்ந்திருந்தன. கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. நட்டுவைத்த மாதிரி நேராக.

ஜன்னல் கம்பிகளைத் தொடாமல் கொடி உள்ளே வந்திருந்தது. நாற்காலியைத் தொடாமல். மேசையைத் தொடாமல். கணுக்காலில் தொடங்கி, சுற்றுச் சுற்றாக, கழுத்துவரை. ஒரு தளிர் மட்டும் பின்னலுக்குள் நுழைந்து, மெதுவாக, அடுத்த பிடியைத் துழாவிக்கொண்டிருந்தது.

"அம்மா, இன்னும் எவ்வளவு நேரம் அசையாம நிக்கணும்?"