ஒரே வீட்டுக்கு இரண்டு சாவி

சாவியை நுழைத்து அவள் திருகுவதற்குள் கதவு உள்ளேயிருந்து திறந்துகொண்டது. எதிரே... கையில் வாளியோடு ஒருவன்!

வானம் பொத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டிருந்தது. தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நின்றவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"யார் நீங்க? எங்க வீட்டுக்குள்ள என்ன பண்றீங்க?"

"உங்க வீடா? லீவு முடியிற வரைக்கும் இது எங்க வீடுங்க. பணம் கட்டியிருக்கோம்."

"நாங்க மட்டும் கூழாங்கல்லா கட்டினோம்? இதோ பாருங்க, சாவி!"

அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையில் கையை விட்டான். வெளியே வந்தது அச்சு அசலாய் அதே சாவி... அதில் தொங்கிய அதே நீல வில்லை... அதே எண். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கண்ணைப் பார்த்தார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இமையில் மழை நிற்க, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் முறைத்துக்கொண்டிருந்த அந்தப் பெரிய கண்களை அவன் ஒரு கணம் கூடுதலாகவே பார்த்துவிட்டான். அவளுக்கும் அது தெரிந்துவிட்டது.

"முதல்ல உள்ள வாங்க, நனையாம சண்டை போடலாம்..." என்றவன், கூரையை அண்ணாந்து பார்த்து அசடு வழிந்தான். "உள்ளேயும் கொஞ்சம் நனையும். ஒழுகுது."

ஒரே வீட்டை இரண்டு குடும்பத்துக்கு விட்டிருந்தது அந்தச் சுற்றுலா கம்பெனி. திரும்பிப் போகலாம் என்றால், மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைத்துக்கொண்டது. கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுதான் பாடியது. வேறு வழி? இந்தப் பக்கம் அவளும் அப்பாவும் அம்மாவும், அந்தப் பக்கம் அவனும் அவன் அம்மாவும்... ஒரே கூரைக்குக் கீழே, அதுவும் ஒழுகும் கூரைக்குக் கீழே!

அவள் அப்பா ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக் கொடி காட்டிய காலமெல்லாம் ஒரு வண்டியையும் தாமதமாக அனுப்பாதவர். ஆபரேஷன் முடிந்து அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "ஒரு தடவை அந்த ஏரியைப் பாத்துட்டா போதும்" என்று சொன்ன ஒரு வார்த்தைக்காக, பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்த பயணம் இது. ஏரியைப் பார்த்த ஜன்னல் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஜன்னல் இருந்தது. ஏரிதான் இல்லை. வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டது மாதிரி ஒரே பனிமூட்டம்.

அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வந்த அன்றே வழுக்கி விழுந்து அப்பா உடைத்துக்கொண்ட கண்ணாடியை, மெல்லிய கம்பியைச் சுற்றி உட்கார்ந்த இடத்திலேயே சரிசெய்து கொடுத்தான். அந்த விரல்களின் பொறுமையை அவள் கதவோரம் நின்று பார்த்தாள். பார்க்காத மாதிரியும் இருந்தாள்.

மறுநாள் அம்மா ஜன்னலருகே வாடிப்போய் உட்கார்ந்திருந்தாள். அவன் வந்து கைக்குட்டையால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தான்.

"இப்பத் தெரியுதாம்மா?"

"இல்லப்பா."

மறுபடி துடைத்தான். "இப்ப?"

"ம்ஹூம்."

"சரி, லென்ஸ் மாத்திப் பாப்போம்..." என்று தன் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலுக்கு மாட்டப் போனான். அம்மா சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்படி வாய்விட்டு அவள் சிரித்ததே இல்லை. பின்னால் நின்ற மகளுக்கு, 'ஐயோ, இவன் ஏன் இவ்வளவு நல்லவனாக இருக்கிறான்?' என்று அவன்மேலேயே கோபம் வந்தது.

எல்லாம் நன்றாகப் போயிருக்கும். அதற்குள் ஈரத்தில் படுத்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அவன் அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணும் கருத்துமாய்ப் பார்த்துக்கொண்டார். காய்ச்சலும் இறங்கியது. ஆனால் கை எவ்வளவு இதமோ, வாய் அவ்வளவு காரம்!

"ஆபரேஷன் ஆன பொம்பளையை இப்படியா ஒழுகுற வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாங்க? விசாரிக்க வேண்டாம்?" என்று அப்பாவைப் பார்த்துப் பொரிந்து தள்ளிவிட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் அப்பா தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். அதை இன்னொருவர் வாயால் கேட்கும்போது எவருக்குத் தாங்கும்? வழி திறந்ததும் முதல் வண்டியில் பெட்டியை ஏற்றினார். "இனிமே அந்தம்மா மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றார். அவன் குடையோடு வாசலில் நின்றான். போன் நம்பர்கூடக் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. சாவி மட்டும் அவள் கைப்பையிலேயே தங்கிவிட்டது. அதைத் திருப்பி வாங்கக்கூடக் கம்பெனியிலிருந்து ஆள் வரவில்லை.

*

அப்பா நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார். அவன் அம்மாவும் போட்டிருந்தார். ஒரே வீடு, ஒரே புகார் என்று இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் மன்றத்து வராந்தா பெஞ்சில் அவனைப் பார்த்தபோது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்பெனி வக்கீல் வராததால் வழக்கு தள்ளிப்போனது. அப்பா கொதித்தார். அவளுக்கோ... உள்ளுக்குள் யாரோ ஊஞ்சல் ஆடினார்கள்.

காப்பி மெஷின் பக்கத்தில் மெதுவாக வந்து நின்றான் அவன்.

"என்ன வேலை பாக்குறீங்கன்னு அன்னைக்குக் கேக்கவே இல்லையே..."

"பல் ஆஸ்பத்திரியில ரிசப்ஷன். யாருக்கு எந்தத் தேதின்னு குறிச்சுக் கொடுக்கணும்."

"ஓ... தேதி மேடம்!"

"நீங்க கண்ணாடி. போதுமா?"

"போதாது. சர்க்கரை எடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு கோப்பைக் காப்பியை வைத்துக்கொண்டு அவள் அடுத்த வாய்தா வரை காலம் ஓட்டினாள். வேலையில் யாராவது, "அடுத்த தேதி எப்பம்மா?" என்று கேட்டால், அவளுக்கு வேறொரு தேதிதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த முறை கம்பெனி வக்கீல் வந்தார். நாங்கள் ஒரு குடும்பத்துக்குத்தான் வீடு கொடுத்தோம், இன்னொருவர் தாமாக நுழைந்துவிட்டார் என்று கூசாமல் சொன்னார்.

"ரெண்டு பேர்கிட்டயும் சாவி இருக்குன்னு சொல்றாங்களே" என்றார் மன்றத் தலைவர். "ரெண்டையும் ஒண்ணா வைங்க, பாப்போம். ஒரே சாவின்னா விஷயம் இன்னைக்கே முடிஞ்சிடும்."

முடிந்துவிடுமா? இன்றைக்கேவா? அதற்குப் பிறகு?

அவள் கைப்பைக்குள் கையை விட்டாள். விரலில் சாவி தட்டுப்பட்டது. சில்லென்று இருந்தது. எதிர்ப் பெஞ்சில் அவன் கண்கள்... முடியப் போகிறது என்பதை அவனும் உணர்ந்த மாதிரி ஒரு பார்வை.

"மறந்துட்டேன் சார்" என்றாள்.

வீடு வந்து சேரும்வரை அப்பா முணுமுணுத்தார். "ஊர்ல இருக்கிற பல்லுக்கெல்லாம் தேதி குறிக்கிறவ... நம்ம சாவியை மறந்துட்டியேம்மா!"

அதற்கடுத்த வாய்தாவில் அவள் சாவியை எடுத்து வைத்தாள். திரும்பத் திரும்ப மறக்க முடியாதே! ஆனால் இப்போது அவன் பைகளைத் தடவினான். சட்டைப் பை, கால்சட்டைப் பை, மறுபடி சட்டைப் பை...

"கடையிலேயே விட்டுட்டேன் போல சார்."

அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கம்பெனிதான் வாய்தா கேட்டு இழுக்கும்னு பாத்திருக்கேன். இங்க வழக்குப் போட்டவங்களே இழுக்கிறீங்க! அடுத்த தடவை ரெண்டு சாவியும் வரலைன்னா ரெண்டு வழக்கும் தள்ளுபடி."

வெளியே காப்பி மெஷின் பக்கம் அவள் போகும்போது அப்பா தடுத்தார். "அவங்க வீட்டு ஆளோட நமக்கென்னம்மா பேச்சு?"

அவள் நின்றுவிட்டாள். அவன் இரண்டு கோப்பைகளோடு தூரத்தில் நின்றான். ஒன்றைக் குடிக்கவும் இல்லை, இன்னொன்றைக் கீழே வைக்கவும் இல்லை.

அந்த இடைப்பட்ட நாட்கள் இருக்கிறதே... மழை வந்தால் அவன். மழை நின்றால் அவன். ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு யார் வந்தாலும், 'இது அவன் கடையில் வாங்கியதாக இருக்குமோ' என்று உற்றுப் பார்த்தாள். வந்தவர்கள் பல்வலியோடு நெளிந்தார்கள். அவனுடைய கடை எந்தத் தெருவில் என்றுகூட அவளுக்குத் தெரியாது. வழக்கு முடிந்தால் எல்லாம் முடிந்தது. ஒரு கேள்வி மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அவன் உண்மையிலேயே மறந்துதான் போனானா?

துணி மடித்துக்கொண்டே ஒருநாள் அம்மா சொன்னாள். "உங்கப்பா சரியாவே தூங்கறதில்லம்மா. என்னைக் கஷ்டப்படுத்திட்டோம்னு மனசுக்குள்ளேயே வச்சு மருகுறார். பணம் கிடைக்குதோ இல்லையோ, தப்பு தன்னோடது இல்லைன்னு யாராவது ஒருத்தர் அவர்கிட்டச் சொல்லிட்டாப் போதும்."

அவளுக்குச் சுருக்கென்றது. தன் ஆசைக்காக அப்பாவின் நிம்மதியையல்லவா தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறாள்! அன்றே சாவியை எடுத்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். கண்ணீரைத்தான் மூட முடியவில்லை.

*

கடைசி நாள். வெளியே மழை. அப்பாவையும் அம்மாவையும் முன்னால் அனுப்பிவிட்டு மாடிப்படியில் அவள் குடையை மடக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் காலடிச் சத்தம்.

"தேதி மேடம்..."

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள்.

"இன்னைக்கு சாவி கொண்டுவந்துட்டேன்" என்றான்.

"நானும்."

"அன்னைக்கும் கொண்டுவந்திருந்தேன். பாக்கெட்லதான் இருந்துச்சு."

குடை அவள் கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது. மெதுவாகத் திரும்பினாள். "நானும்... மறக்கலை. விரல்ல தட்டுப்பட்டுச்சு."

அவன் கண்ணாடியில் மழைத்துளிகள். அதற்குப் பின்னால் கண்கள் பளபளத்தன. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவனுக்குத் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

"அப்ப... இன்னைக்கு என்ன பண்றது?" என்றான்.

"கொடுத்திடணும். அப்பா ரொம்ப உடைஞ்சுபோயிருக்கார்... அவருக்கு இது முடியணும்."

அவன் தலையசைத்தான். கீழே இறங்கிக் குடையை எடுத்துக் கொடுத்தான். விரல்கள் படவில்லை. பட்டிருக்கலாம்...

மேசைமேல் இரண்டு சாவிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தார் தலைவர். பல்லுக்குப் பல் பொருந்தியது. கம்பெனி வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"உங்களுக்கு என்ன நஷ்டம், நீங்களே சொல்லுங்க" என்றார் தலைவர், அப்பாவிடம்.

அப்பா எழுந்தார். தாளில் எழுதிக் கொண்டுவந்ததை எடுக்கவே இல்லை. "என் வீட்டுக்காரி ஏரியைப் பாக்கணும்னு ஆசைப்பட்டா சார். ஆயுசுல என்கிட்டக் கேட்டது அது ஒண்ணுதான். நான் கூட்டிட்டுப் போயி... காய்ச்சல்ல படுக்க வச்சுட்டேன்." அத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

எதிர்ப் பெஞ்சிலிருந்து அவன் அம்மா எழுந்தார். "சார், நான் ஒண்ணு சொல்லணும். தப்பு கம்பெனியோடது. நான் தெரியாம இவரைப் பேசிட்டேன். காய்ச்சல் அடிச்சப்ப கால்மாட்டுலயே உக்காந்திருந்தார் மனுஷன். ஒரு வாய் சாப்பிடலை. இவ்வளவு வருஷ சர்வீஸ்ல அப்படிப் பாத்துக்கிட்ட புருஷனை நான் பாத்தது கம்மி." அப்பா பக்கம் திரும்பினார். "மனசுல வச்சுக்காதீங்க அண்ணா."

அப்பா கம்பி சுற்றிய கண்ணாடியைக் கழற்றினார். இன்னும் அதையேதான் போட்டிருந்தார்... துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். "இல்லம்மா" என்றார் மெதுவாக.

தீர்ப்பு வந்தது. பணத்தைத் திருப்பித் தர வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், அதே வீட்டைக் கூரை மாற்றி இரு குடும்பமும் ஒருமுறை இலவசமாகத் தங்கக் கொடுக்க வேண்டும்.

எழுத்தர் பேனாவை எடுத்தார். "தங்குற தேதி சொல்லுங்க, குறிச்சுக்கிறேன். இந்தத் தடவை ரெண்டு குடும்பத்துக்கும் வேற வேற தேதி! மறுபடி குழப்பம் வேண்டாம்."

வேற வேற தேதி... இப்போது வாயைத் திறக்காவிட்டால் எப்போது? ஊருக்கெல்லாம் தேதி குறித்தவள், தனக்கென்று ஒன்றைக் குறிக்க எழுந்து நின்றாள்.

"சார்... ஒரே தேதி போடுங்க."

மன்றமே திரும்பிப் பார்த்தது.

"ஏம்மா," என்றார் தலைவர், "அந்தத் தப்புக்குத்தானே கேஸே போட்டீங்க?"

"ஆமா சார்." அவள் கண் எதிர்ப் பெஞ்சைவிட்டு நகரவில்லை. "மழை வேண்டாம், ஒழுகுற கூரை வேண்டாம். அந்த ஒரு தப்பு மட்டும்... எனக்கு அப்படியே வேணும்."

அவன் எழுந்துவிட்டான். பெஞ்சு கிறீச்சிட்டது. "எங்களுக்கும் அதே தேதிதான் சார்! தேதி மேடம் குறிச்சா சரியாத்தான் இருக்கும்."

அவன் அம்மா மகனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவள் அம்மாவைப் பார்த்தார். பெண்கள் இருவரும் எதையோ பேசாமலேயே பேசி முடித்துக்கொண்டார்கள்.

அப்பா மேசைமேல் கிடந்த சாவிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீ சாவியை மறக்கவே இல்ல... அப்படித்தானே?"

அவள் குனிந்தபடியே, ஆமாம் என்று தலையாட்டினாள். ஒரு சொட்டு அவள் கைமேல் விழுந்தது.

அப்பா பெருமூச்சு விட்டார். பிறகு எதிர்ப் பெஞ்சைப் பார்த்துக் கேட்டார், "தம்பி, ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க ஆள் வேணும். வருவீங்கதானே?"