கறுப்புக் குதிரையில் இடது பக்கம்

கும்தெர்வின் என்ற வெல்ஷ் மலையூர்க்காரர்களிடம் வழி கேட்பதைவிட மலை ஆட்டிடம் கேட்கலாம். ஆடாவது பேசாமல் இருக்கும். இவர்கள் சொல்வார்கள். கொட்டும் மழையில் நின்று, தங்கள் குடையை உங்களுக்குப் பிடித்து, அன்பாக, விளக்கமாகச் சொல்வார்கள். சொல்வதெல்லாம் இல்லாத இடங்கள்.

"பாலத்துக்கு அடியில வாங்க. கறுப்புக் குதிரையில இடது பக்கம் திரும்புங்க. பெத்தேல் கோயிலைத் தாண்டினா ரொட்டிக்கடை. அதுக்கு எதிர்லதான் மண்டபம்!"

ரயில் பாலத்தை இடித்தபோது பத்து வயது மாப்லியின் அம்மாவே பிறந்திருக்கவில்லை. கறுப்புக் குதிரை என்ற விடுதி இப்போது முடிவெட்டும் கடை. பெத்தேல் என்ற கிறிஸ்தவக் கோயில் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ரொட்டிக்கடையில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் ஒருவருக்கும் அவை போய்விட்டதாக நினைப்பே இல்லை.

மாப்லிக்கு இது எப்போதும் எரிச்சல்தான். அந்தச் சனிக்கிழமை மதியம் அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

அன்று ஊர் மண்டபத்தில் ஐஸ்டெத்வோட். பாட்டு, கவிதை, நடனம் என்று வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் போட்டி. பதினொரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான கவிதை ஒப்பித்தலில் மாப்லி பெயர் கொடுத்திருந்தாள். போன வருடம் பனி கொட்டி விழாவே நின்றுபோனது. அடுத்த மாதம் அவளுக்குப் பதினொன்று. இன்று விட்டால், குரல் உடைந்து மீசை அரும்பிய அண்ணன்மார்களோடுதான் மேடையேற வேண்டும்.

மேடை தயார். தேநீர் தயார். நடுவரை மட்டும் காணவில்லை.

நடுவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் என்றால், மேடையேறும் ஒவ்வொரு பிள்ளையும் அவருக்கு அக்கா மகளாகவோ தம்பி பேரனாகவோ இருக்கும். முதல் பரிசு கொடுத்த அன்றே ஊர் இரண்டாகிவிடும். அதனால் இந்த முறை வடக்கிலிருந்து ஹெயில்வென் பிரிச்சர்ட் என்ற அம்மையாரை அழைத்திருந்தார்கள். அவரும் வந்துவிட்டார். ஒரு மணி நேரமாக இந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருந்தார்.

மண்டபத்துக்குள் கைபேசி வேலை செய்யாது. சுவரில் மாட்டியிருந்த பழைய தொலைபேசி மறுபடி அலறியது. விழாச் செயலாளர் ஒல்வென் ஆன்ட்டி ஓடிப்போய் எடுத்தார்.

"எங்கம்மா இருக்கீங்க?... தெரியலையா? அதான் சொன்னேனே, கறுப்புக் குதிரையில இடது! அட, பெருசா இருக்கும், கண்ணுல படாமப் போகாது!"

தொலைபேசியை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இந்த வடக்குக்காரங்களுக்கு வழி சொல்லிப் புரியவைக்கிறதுக்குள்ள உயிர் போயிடுது."

கதவைத் தள்ளிக்கொண்டு டெக்வின் மாமா சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். நடுவரைக் கூட்டிவர வேனை எடுத்துக்கொண்டு போனவர் அவர்.

"ஆளைக் காணோம்," என்றார். "நான் போறதுக்குள்ள என் தம்பிகிட்ட வழி கேட்டுட்டுக் கிளம்பிட்டாங்க. அவன் நிலக்கரிச் சுரங்கச் சக்கரத்துக்கிட்ட மேல ஏறச் சொல்லியிருக்கான்."

"மாமா, அந்தச் சக்கரத்தை எப்பவோ கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்களே!" என்றாள் மாப்லி.

"அதுக்கென்ன? இடம் அங்கேயேதானே இருக்கு?"

மாப்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒல்வென் ஆன்ட்டி கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணி வரைக்கும் பார்ப்போம். சாயங்காலம் மண்டபம் பிங்கோ ஆடறவங்களுக்கு. நடுவர் வரலைன்னா இந்த வருஷமும் இல்லைன்னு சொல்லிட வேண்டியதுதான்."

மூன்று மாதமாக மாப்லி குளியலறையிலும் பேருந்திலும் அந்தக் கவிதையைச் சொல்லிச் சொல்லி, அவள் தம்பி மாக்சென் தூக்கத்தில்கூட அதை உளறுகிறான். இப்போது இல்லாத ஒரு குதிரையால் எல்லாம் போகப்போகிறது.

தொலைபேசி மறுபடி அடித்தது. இந்த முறை மாப்லி முந்திக்கொண்டாள்.

"நான் மாப்லி பேசறேன். உங்களுக்கு முன்னாடி என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

"மழை தெரியுது," என்றது விறைப்பான ஒரு குரல்.

"அப்புறம்?"

"வரிசையா வீடு. எல்லாம் ஒரே மாதிரி. பின்னாடி மலை. ஒரு ஆடு குப்பைத்தொட்டியைக் கவுத்துக்கிட்டு இருக்கு."

ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் அதுதான் தெரியும். "பக்கத்துல முடிவெட்டற கடை இருக்கா?" என்று கேட்டாள்.

"அதுல மூணு பார்த்துட்டேன். எந்தக் கடை?"

"முடிவெட்டற கடையா?" என்று குறுக்கே புகுந்தார் ஒல்வென் ஆன்ட்டி. "அது எங்க இருக்கு?"

"கறுப்புக் குதிரை இருந்த இடத்துல, ஆன்ட்டி!"

"அப்ப கறுப்புக் குதிரைன்னே சொல்லேன், கண்ணு. எதுக்கு அவங்களைக் குழப்பறே?"

தொலைபேசியில் குரல் உயர்ந்தது. "பாலம், கறுப்புக் குதிரை, பெத்தேல், ரொட்டிக்கடை! எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. ஒண்ணுகூடக் கண்ணுல படலை! இன்னும் ஒரே ஒரு தடவை தேடுவேன். கிடைக்கலைன்னா வீட்டைப் பார்க்கப் போயிடுவேன்."

மாப்லி யோசித்தாள். இந்தப் பெரியவர்களை மாற்ற முடியாது. பாவம், அந்த அம்மையாருக்கு வழி மனப்பாடமாகிவிட்டது. வழியும் சரிதான். குறைவது அந்த நான்கு பொருள்கள் மட்டுமே.

"ஊருக்கு வெளியில பெட்ரோல் பங்க் தெரியுமா?"

"ரெண்டு தடவை அங்க வழி கேட்டாச்சு!"

"அங்கே போயிட்டு, பத்து நிமிஷம் கழிச்சுக் கிளம்புங்க. அவங்க சொன்ன அதே வழியில வாங்க. இந்தத் தடவை எல்லாம் இருக்கும்."

"எல்லாம்னா?"

"எல்லாமே!" என்று சொல்லி வைத்தாள் மாப்லி.

மண்டபத்தில் போட்டிக்கு வந்த பிள்ளைகள் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். மாப்லி நாற்காலிமேல் ஏறினாள். "எல்லாரும் மழைக்கோட்டைப் போடுங்க! இயான்டோ, நீயும் உங்க அண்ணனும்தான் பாலம்."

"பாலமா? நாங்களா?"

"நடைபாதையில எதிரும் புதிருமா நின்னு, கையை மேலே தூக்கிக் கோத்துக்கோங்க. கார் வந்தாலும் ரோட்டுல இறங்கக் கூடாது. பாடறவங்க எல்லாம் பெத்தேல். கார் நிறுத்தற இடத்துல ஓரமா நின்னு, சத்தமா ஜெபப் பாட்டுப் பாடணும். மாக்சென், நீ ரொட்டிக்கடை. அந்த வெல்ஷ் கேக் தட்டை எடுத்துக்கிட்டு பழைய ரொட்டிக்கடை வீட்டு வாசல்ல நில்லு."

"குதிரை யாரு?" என்று கேட்டாள் அவள் தோழி காடி. கேட்டிருக்கக் கூடாது. அடுத்த நிமிடம் அவள் டெக்வின் மாமாவின் கறுப்பு மழைக்கோட்டுக்குள் இருந்தாள். தரை துடைக்கும் துடைப்பம் அவள் தலையில் பிடரி மயிராக ஆடியது.

அம்மாக்களும் அப்பாக்களும் குடையோடு பின்னால் ஓடினார்கள். முடிவெட்டும் கடை வாசலில் மாப்லியும் காடியும் போய் நின்றதுதான் தாமதம், டெக்வின் மாமாவும் வந்துவிட்டார்.

"இங்க இல்லம்மா," என்றார். "கறுப்புக் குதிரையோட வாசல் இன்னும் ரெண்டடி அந்தப் பக்கம்."

"மாமா!"

"இல்ல, சரியாச் சொல்லணுமில்ல?"

காடி இரண்டடி தள்ளி நின்றாள். மழை வலுத்தது. ஒரு வேன் போனது. நாய் ஒன்று வந்து காடியைப் பார்த்துக் குரைத்தது. மணி மூன்றாக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. வரமாட்டார், வீட்டுக்கே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள் மாப்லி.

அப்போது தெருக்கோடியில் ஒரு சின்ன மஞ்சள் கார் தயங்கித் தயங்கி வந்தது.

"கனை!" என்று கத்தினாள் மாப்லி.

காடி கனைத்தாள். அப்படி ஒரு கனைப்பை அந்தத் தெரு கேட்டதே இல்லை. முடிவெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பாதி தலையோடு வெளியே ஓடிவந்தார்கள்.

கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே நரைமுடியும் சிவந்த மூக்குமாக ஓர் அம்மையார்.

"இப்பத்தான் ஒரு பாலம் எனக்குக் கையாட்டினதைப் பார்த்தேன்," என்றார் அவர். "நீதான் கறுப்புக் குதிரையா?"

"ஆமா. இடது பக்கம் திரும்புங்க," என்றது குதிரை.

கார் இடது பக்கம் திரும்பியது. அந்தப் பக்கத்திலிருந்து பெத்தேல் கோயில் நான்கு சுருதியில் பாடுவது கேட்டது. மாப்லியும் காடியும் காருக்குப் பின்னால் ஓட்டம் பிடித்தார்கள். மண்டபத்துக்கு எதிரே மாக்சென் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். தட்டில் ஒன்றுமில்லை.

"டேய், கேக் எல்லாம் எங்கடா?"

"வித்துப்போச்சு," என்றான் மாக்சென், கன்னம் இரண்டும் உப்பியபடி.

மணி மூன்று அடிக்கும்போது நடுவர் நாற்காலியில் நடுவர் இருந்தார்.

மாப்லி மேடையேறியபோது காலணிக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் கவிதை தானாக வந்தது. ஒரு சொல் தவறவில்லை. கைதட்டலைக் கேட்டபோது மேடையிலேயே குதிக்கலாம்போல் இருந்தது.

அவளுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு இயான்டோவுக்கு.

"கடைசி வரியை அவசரமா முடிச்சுட்டே," என்றார் நடுவர், பரிசுப் பணம் வைத்த சின்னப் பட்டுப்பையை அவள் கழுத்தில் மாட்டியபடி. "வழி காட்டினதுக்கு மார்க் கிடையாது. வடக்குல நாங்க அப்படித்தான்."

கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை என்று மாப்லிக்கே தெரியும்.

எல்லாம் முடிந்ததும் நடுவர் கோட்டை மாட்டிக்கொண்டு, மறந்துபோய்ச் சத்தமாகக் கேட்டுவிட்டார். "ஊரை விட்டு வெளியில போக எப்படிப் போகணும்?"

மண்டபத்தில் இருந்த அத்தனை பெரியவர்களும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"யாரும் பேசக் கூடாது!" மாப்லி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவில் பாய்ந்தாள். ஒல்வென் ஆன்ட்டியின் வாய் திறந்தபடியே நின்றது.

மாப்லி நடுவரின் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய், ரோட்டுக்குப் பக்கத்தில் இரைந்து ஓடிய ஆற்றைக் காட்டினாள்.

"மேலே வரும்போதுதான் இது மூணாப் பிரிஞ்சு குழப்பும். கீழே போறப்ப எல்லாம் ஒண்ணாச் சேர்ந்துடும். தண்ணி ஓடற பக்கமே போங்க," என்றாள். "இதை மட்டும் இவங்க இன்னும் இடிக்கல."